வாத்துக்குழல் கடைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டு வாத்துகளை அவற்றின் குரலிலேயே கூப்பிட வட அமெரிக்க வேட்டைக்காரர்கள் வாயில் வைத்து ஊதும் சிறிய மரக்கருவி ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைத்தான் இங்கே வாத்துக்குழல் என்று சொல்கிறேன். ஓய்வு நேரத்தில் இதைக் கடைந்து கடைந்து, மரவேலையில் எனக்கு மிகப் பிடித்த பொருளாகவே ஆகிவிட்டது. பார்த்தவர்களும் பழக விரும்பியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

இவ்வளவு சின்னக் கட்டையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் எப்படி வருகிறது?

குழலில் இரண்டு மரத்துண்டுகள் இருக்கும். வாயில் வைக்கும் பகுதி உடல். வெறும் துளையிட்ட உருளைதான். அதன் மறுமுனையில் சொருகுவது செருகு. சத்தம் பிறப்பது முழுக்கச் செருகில்தான். செருகின் உள்முனையில் பாதி மரத்தைச் சீவி எடுத்துவிட்டு, மீதியை ஒரு பலகைபோல விட்டிருப்பார்கள். இதை ஒலிப்பலகை என்று சொல்லலாம். அதன் நடுவே ஓர் ஓடை ஓடும். ஓடையை மூடியபடி ரீடு என்ற மெல்லிய தகடு கிடக்கும். ரீடின் அடிப்பகுதியை ஒரு தக்கை ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும்.

ஒலிப்பலகை நுனியை நோக்கி மெல்ல வளைந்து கீழே இறங்குவதால், ரீடுக்கும் பலகைக்கும் நடுவே சன்னமான இடைவெளி இருக்கும். ஊதும் காற்று அந்த இடுக்கில் பாயும்போது ரீடைப் பலகையோடு இழுக்கிறது. ரீடின் விறைப்பு அதைத் திரும்ப விலக்குகிறது. நொடிக்குச் சில நூறு முறை இப்படி மூடித் திறக்கும்போது காற்று துண்டு துண்டாக ஓடைக்குள் விழுகிறது. அதுதான் அந்தக் கரகரப்பு.

ஹார்மோனிய ரீடு போலத்தானே என்று பலர் கேட்பார்கள். இல்லை. ஹார்மோனியத்தில் ரீடு தன் சட்டத்தின் இடுக்கு வழியாக எதையும் தொடாமல் முன்னும் பின்னும் ஆடும். இங்கே ரீடு பலகையில் மோதுகிறது. கிளாரினெட்டின் ஊதுவாயில் நடப்பதும் இதுவே. அதனால்தான் மோதப்படும் பரப்பின் வடிவம் இவ்வளவு முக்கியமாகிறது.

நான் வேட்டைக்குப் போகிறவன் இல்லை. எனக்கு எதற்கு இது?

கடைசல் வேலையில் கிண்ணம் கடைந்தால் அழகாக இருக்கும், பேனா கடைந்தால் எழுதும். வாத்துக்குழல் மட்டும்தான் கடைந்து முடித்ததும் உங்களோடு பேசும். வேலை சரியா தப்பா என்று அந்த நிமிடமே அது சொல்லிவிடும். மரவேலைக்காரருக்கு இப்படி ஒரு நேர்மையான ஆசான் கிடைப்பது அரிது.

அமெரிக்காவிலேயே இதை வேட்டைக்காக மட்டும் செய்வதில்லை. போட்டிக்காக ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள், சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், கடைவதற்காகவே கடைகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

இந்தக் கைவேலை எங்கே தொடங்கியது?

ஒருவர் ஓரிடத்தில் கண்டுபிடித்த பொருள் அல்ல இது. 1870இல் எலாம் ஃபிஷர் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவருடையது இரண்டு வளைந்த மரத்தகடுகளுக்கு நடுவே ரீடை வைத்த எளிய வடிவம். உடலும் செருகுமாகப் பிரிந்த இன்றைய வடிவம் அந்தக் காலத்தில்தான் இல்லினாய் மாநிலத்து ஆற்றங்கரைகளில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது.

அங்கிருந்து அது டென்னசியின் ரீல்ஃபுட் ஏரிக்குப் போனது. 1811, 1812இல் அடுத்தடுத்து வந்த பெரும் நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து உருவான ஏரி அது. ஆழமில்லாத நீர், மூழ்கிய காடு. வாத்துகளுக்குச் சொர்க்கம். விக்டர் குளோடோ என்ற கைவினைஞர் இல்லினாயிலிருந்து அங்கே குடிபெயர்ந்து உலோக ரீடு வைத்த குழல்களைச் செய்தார். அவர் வழியில் வந்தவைதான் இன்றும் ரீல்ஃபுட் பாணி என்று அறியப்படுகின்றன.

இன்னொரு கிளை இல்லினாயின் பீக்கின் ஊரில் வளர்ந்தது. ஃபிலிப் ஓல்ட் 1904இல் தொடங்கிய தொழிலில், கடின ரப்பரில் செய்த டி-2 என்ற குழல் பேர்பெற்றது. ஒலிப்பலகையை வளைவாக அமைத்து, ரீடைத் தட்டையாக வைத்தது அது. பின்னாளில் ஆர்க்கன்சா பாணி என்று பேர் வாங்கியதற்கு இந்த அமைப்புதான் அடிப்படை.

ஆர்க்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் 1936இல் உலக வாத்துக்குழல் ஊதும் போட்டி தொடங்கியது. முதல் பரிசு ஒரு வேட்டைக் கோட்டு. அதன் விலை 6 டாலர் 60 சென்ட். போட்டி இன்றும் நடக்கிறது. 1955, 1956 இரண்டு ஆண்டுகளும் அதில் வென்றவர் பேட் பீகாக் என்ற பெண். குழல் கைவினைஞர் சிக் மேஜரின் வீட்டில் வளர்ந்தவர் அவர். ஒரே வீட்டில் கடைசலும் ஊதலும் சேர்ந்து வளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் குடும்பத்தைத்தான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

காலமும் கைகொடுத்தது. உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்து மற்ற வாத்துகளை இழுக்கும் வழக்கத்தை 1935இல் அமெரிக்க அரசு தடை செய்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டு வாத்துகளை அழைப்பதும் அங்கே பொதுவாகத் தடைசெய்யப்பட்டதுதான். ஆக, வாயால் ஊதும் குழலுக்கு மதிப்பு குறையவே இல்லை.

ஆர்க்கன்சா பாணி, ரீல்ஃபுட் பாணி என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எதில் தொடங்கலாம்?

இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: ரீடுக்கும் பலகைக்கும் நடுவே நுனியை நோக்கி விரியும் ஓர் இடைவெளி. ஆர்க்கன்சா பாணியில் பலகை வளைந்திருக்கும், ரீடு தட்டை. ரீல்ஃபுட் பாணியில் பலகை தட்டை, ரீடு வளைந்திருக்கும். பித்தளை அல்லது செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, மர ஆப்பு வைத்து இறுக்குவார்கள். லூசியானாவில் குழலை நாணல் தண்டிலேயே செய்யும் வழக்கமும் உண்டு.

தொடங்குகிறவர்களுக்கு ஆர்க்கன்சா பாணி. ரீடு பிளாஸ்டிக் என்பதால் கெட்டுப்போனால் கத்தரிக்கோலால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். உலோக ரீடை வளைக்கப் பழகும்வரை எந்தப் பிழை பலகையுடையது, எந்தப் பிழை ரீடுடையது என்றே தெரியாது. கீழே நான் சொல்வதெல்லாம் ஆர்க்கன்சா பாணியைப் பற்றியது.

லேத் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். உடலைக் கத்தியாலும் அரத்தாலும் எண்கோணமாகவோ உருண்டையாகவோ செதுக்கிக்கொள்ளலாம். பழைய கைவினைஞர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் நேரான துளை வேண்டும். அதற்குத் துளையிடும் ஸ்டாண்டாவது தேவை. செருகின் தண்டு உடலுக்குள் வழுக்காமல், இறுகவும் செய்யாமல் உட்கார வேண்டுமென்றால் கடைசல்தான் சுலபம். சின்ன மேஜை லேத் போதும். வேலைத்துண்டு நான்கு அங்குலத்தைத் தாண்டாது.

எந்த மரம் நல்லது?

அடர்த்தியான, ரேகை நெருக்கமான, நன்கு காய்ந்த மரம். இந்த மூன்றும் இருந்தால் பெயர் முக்கியமில்லை.

அமெரிக்கக் கைவினைஞர்கள் அதிகம் விரும்புவது ஓசேஜ் ஆரஞ்ச் என்ற மரம். கடையும்போது பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், வெயில் பட்டுப் பட்டு நாளடைவில் பழுப்பாகிவிடும். பலாவும் மல்பெரியும் இதன் குடும்பம்தான்; பலகையாக அறுத்தபோது அந்த மஞ்சளைப் பார்த்தாலே உறவு தெரியும். வால்நட், செர்ரி, மேப்பிள் ஆகியவையும் வழக்கம். கோகோபோலோ, ஆப்பிரிக்கக் கருமரம் இரண்டும் கனமானவை, எண்ணெய்ப்பசை உள்ளவை, ஈரத்துக்கு அதிகம் அசையாதவை. கிளாரினெட் செய்வதும் இந்தக் கருமரத்தில்தான்.

கனமான மரத்தில் குரல் கூர்மையாகவும் எடுப்பாகவும் வரும், மென்மையான மரத்தில் உருண்டையாக வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் மரத்தின் பங்கு இரண்டாவதுதான். ஒலிப்பலகை சரியாக இருக்கும் வால்நட் குழல், ஒலிப்பலகை கோணலான கருமரக் குழலை எப்போதும் வெல்லும். விலைகூடிய கட்டையில் முதல் குழலைச் செய்துவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் பத்தும் கையில் கிடைக்கும் கடினமரத்தில் செய்யுங்கள்.

கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது வைரம் பாய்ந்த பகுதியாகப் பாருங்கள். வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிப்பகுதி, கலந்த துண்டு பார்வைக்கு அழகுதான், இரண்டு நிறமும் சேர்ந்து வரும். ஆனால் செருகில் வெளிறு வேண்டாம். எச்சிலின் ஈரம் பட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் உப்பும், பலகை முறுக்கிக்கொள்ளும். செருகுக்கு ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். அலையலையான ரேகையை உடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கோகோபோலோவும் கருமரமும் ஈட்டி மரத்தின் இனம். 2017 தொடக்கத்திலிருந்து இந்த இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கட்டையாகத் தருவிப்பதாக இருந்தால் ஆவணம் கேட்டு வாங்குங்கள்.

துளை எந்த அளவு? போடும்போது வெடித்துவிடுகிறதே?

ஒன்றரை அங்குலச் சதுரக் கட்டையில் தொடங்குங்கள். உடலுக்கு ஐந்தெட்டு அங்குலத் துளை, அதாவது கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர், முழுக்க ஊடுருவிப் போகும். செருகின் ஓடைக்குக் கால் அங்குலத் துளை போதும். இது வெளிமுனையிலிருந்து உள்ளே போய், ஒலிப்பலகையின் நுனிக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட வேண்டும். நுனியில் மரம் முழுதாக இருந்தால்தான் ரீடு வந்து அடிக்க இடமிருக்கும். எவ்வளவு ஆழம் என்பதைத் துளைப்பானிலேயே ஒட்டுநாடா சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு. லேத்தை மெதுவாக ஓடவிட்டு, அரை அங்குலம் போனதும் துளைப்பானை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு, மறுபடி போங்கள். எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் தூள் பிசினோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும்; துளைப்பான் கொதிக்கும்; கட்டை உள்ளிருந்தே பிளக்கும். அவசரமே ஆகாத இடம் இது.

முடிந்தால் முதலில் சற்றுச் சிறிய துளை போட்டுக் கட்டையை இரண்டு வாரம் சும்மா வையுங்கள். மரத்தின் உள்ளிருந்த இறுக்கம் தளர்ந்து துளை லேசாக முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் சரியான அளவுக்குத் துளைத்தால் அது வட்டமாகவே நிற்கும்.

செருகு உடலுக்குள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் விழக்கூடாது, இரண்டு விரலால் முறுக்கினால் கழன்று வர வேண்டும். தண்டை மிக லேசான சரிவோடு கடையுங்கள். வெர்னியர் காலிப்பர் பக்கத்திலேயே இருக்கட்டும். பலர் தண்டில் ஒரு காடி வெட்டி ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கினாலும் வளையம் அதைத் தாங்கிக்கொள்ளும். எனக்கு வெறும் மரத்தோடு மரம் உட்காரும் அந்தச் சத்தம்தான் பிடிக்கும். ஆனால் இன்னொருவர் கையில் கொடுக்கப்போகிற குழல் என்றால் வளையம் போட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஒலிப்பலகையை எப்படிச் செய்வது? அதில்தான் எல்லாம் கெடுகிறது.

ஆமாம், கெடுவதும் அங்கேதான், குழல் உயிர்பெறுவதும் அங்கேதான். மற்றதெல்லாம் கடைசல் தெரிந்த யாரும் செய்துவிடலாம்.

செருகின் தண்டை ஓடையோடு நீளவாக்கில் பாதியாக அறுத்து எடுக்கிறோம். மேல்பாதி போனதும் கீழ்ப்பாதியில் ஓடை திறந்துகொள்ளும். ஓடையின் இருபுறமும் இரண்டு கரைகள்போல மரம் நிற்கும். ரீடு படுக்கப்போவது இந்தக் கரைகளில். ஆப்பு இருக்கும் இடத்தில் கரைகள் தட்டையாகத் தொடங்கி, நுனியை நோக்கி மெல்லக் கீழே வளைய வேண்டும். கைவினைஞர்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடெல்லாம் இந்த வளைவில்தான். வளைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை வைத்தே ஒருவருடைய குழலை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துச் சொல்லிவிடலாம்.

தட்டையான, பல் நெருக்கமான அரத்தை எடுத்து ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கை தானாக ஆடும், இரண்டு ஓரங்களும் உருண்டுவிடும். பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை நிறுத்தி, ரீடை வைத்துப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? செருகை விளக்குக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். ரீடுக்கும் மரத்துக்கும் நடுவே ஒளிக்கீற்று ஒன்று தெரியும். ஆப்பின் பக்கம் ஒன்றுமில்லாமல் தொடங்கி, ஒரு மயிரிழையாகி, நுனியில் பிறைபோல விரிய வேண்டும். அந்தக் கீற்று நடுவில் எங்காவது அறுந்து மறுபடி தொடங்கினால் அங்கே மேடு இருக்கிறது. ரீடு அந்த மேட்டில் தட்டுப்பட்டு இரண்டு ரீடுபோல ஆடும், குரல் உடையும். மேடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் கரைகளில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டு, ஒரு இரும்புப் பட்டையில் நைசான உப்புத்தாளைச் சுற்றி ஒரே ஒருமுறை இழுங்கள். எந்தக் கோடு முதலில் அழிகிறதோ அதுதான் மேடு. பிறகு செருகைத் திருப்பி அடுத்த கரையையும் அதேபோல் பாருங்கள். ஒரு கரை தாழ்ந்து மறுகரை உயர்ந்திருந்தால் ரீடு ஒருபக்கமாகக் காற்றை ஒழுகவிடும்.

கரைகளின் உள்விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தொடாதீர்கள். அது கூராக நிற்க வேண்டும். நான் செய்த நான்காவது குழல் இதில்தான் போனது. குரல் நன்றாக வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கட்டும் என்று மடித்த உப்புத்தாளை ஓடைக்குள் விட்டு நாலு இழுப்பு இழுத்தேன். விளிம்புகள் மழுங்கிவிட்டன. ஊதினால் காற்று மட்டும் போகிறது, குரல் இல்லை. ஒரு வார மாலை வேலை நாலு இழுப்பில் போனது. அந்தச் செருகை இன்னும் லேத்தின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், கை அவசரப்படும்போது கண்ணில் படட்டும் என்று.

எப்போதும் வளைவைத் தேவைக்குக் குறைவாகவே வைத்து ஊதிப் பாருங்கள். குறைவாக இருந்தால் இன்னும் அராவலாம். அராவிப்போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஜிக் வாங்கிச் செய்தால் அது கைவேலை ஆகுமா?

ஆகும். ஜிக் என்பது ஒலிப்பலகையின் வளைவைக் கடினப்படுத்திய எஃகில் வெட்டி வைத்திருக்கும் அச்சு. செருகை அதில் பூட்டி, எஃகைத் தொடும்வரை அராவினால் அதே வளைவு மரத்தில் வந்துவிடும். தொடக்கத்தில் நல்ல வளைவு எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிய இது உதவுகிறது. ஆனால் ஜிக்கில் செய்தவையும் அப்படியே எடுத்து ஊதினால் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும். கடைசிச் சரிசெய்தல் கையால்தான். நாலைந்து குழல் ஜிக்கில் செய்த பிறகு, ஒன்றை வெறும் அரத்தால் செய்து பாருங்கள். ஜிக் உங்களுக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது புரியும்.

ரீடுக்கு என்ன பொருள்? எப்படி வெட்டுவது?

மைலார் என்ற பாலியஸ்டர் தகடு. வழக்கமான கனம் இரண்டு: ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, ஆயிரத்தில் 14 பங்கு. மில்லிமீட்டரில் முறையே சுமார் 0.25, 0.36. மெல்லியது கொஞ்சம் மூச்சுக்கே பேசும். தடித்தது கூடுதல் காற்றுக் கேட்கும், ஆனால் பலமாக ஊதினாலும் தடுமாறாது.

அகலம் ஒலிப்பலகையின் அகலம். உடலின் உட்சுவரில் உரசக்கூடாது. நீளத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டிப் பொருத்தி, ஊதிப் பார்த்துக்கொண்டே நுனியை மயிரிழை மயிரிழையாகக் கத்தரியுங்கள். ரீடு குறையக் குறையக் குரல் மேலே ஏறும். இங்கேயும் அதே விதிதான், வெட்டியது வெட்டியதுதான்; நல்லவேளையாக ரீடு மலிவு. நுனியின் இரண்டு மூலைகளையும் சாய்வாகச் சின்னதாக நறுக்கிவிடுங்கள். நறுக்காத மூலைதான் பல குழல்களில் கீச்சொலிக்குக் காரணம்.

ஒற்றை ரீடா, இரட்டை ரீடா?

இரட்டை ரீட்டில் மேல்ரீடு கீழ்ரீடைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். கரகரப்பு தானாக வரும், ஊதவும் எளிது. புதிதாக ஊதுகிறவருக்குக் கொடுக்க ஏற்றது. ஆனால் ஈரம் பட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டும். அதைத் தடுக்க ஒன்றில் சின்னப் புடைப்பு வைப்பார்கள். ஒற்றை ரீடு எல்லாவற்றையும் ஊதுகிறவரிடம் விட்டுவிடுகிறது. முணுமுணுப்பிலிருந்து கூச்சல்வரை போகும். செய்து பழக ஒற்றை ரீடு நல்லது, உங்கள் பலகையின் பிழையை அது மறைக்காது.

ஊதினால் கீச்சென்கிறது, அல்லது சட்டென்று அடைத்துக்கொள்கிறது. என்ன செய்வது?

முதலில் பலகையைத் தொடாதீர்கள். ரீடைக் கழற்றி, துடைத்து, நேராக வைத்து, ஆப்பை நன்றாக அழுத்தி மறுபடி ஊதுங்கள். பாதிக் கோளாறுகள் இதிலேயே போய்விடும். ரீடு அரை மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் குரல் கெடும்.

சரியாகவில்லையா? லேசாக ஊதும்போது பேசி, அழுத்தி ஊதினால் அடைத்துக்கொண்டால் இடைவெளி போதவில்லை. நுனிப்பக்கம் வளைவு இன்னும் கொஞ்சம் வேண்டும். மாறாக, பேசவைக்கவே நிறையக் காற்று வேண்டியிருந்து, குரல் வரும்முன் வெறும் காற்றுச் சத்தம் வந்தால் இடைவெளி கூடிவிட்டது. அப்போது தடித்த ரீடை வைத்துப் பாருங்கள், சில சமயம் அது காப்பாற்றும். கீச்சொலி என்றால் மூலைகளைப் பாருங்கள், பிறகு கரைகளில் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சநேரம் நன்றாக ஊதிய பின் கெட்டால் அது எச்சில். ரீடுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தால் போதும்.

தக்கை ஆப்பையும் மறக்க வேண்டாம். பழைய தக்கை சுருங்கி ரீடைத் தளரவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

குழல் சரிதான், எனக்குத்தான் ஊத வரவில்லையோ?

இருக்கலாம். விசில் ஊதுவதுபோலக் கன்னத்திலிருந்து ஊதினால் குழல் முனகும். கண்ணாடியில் ஆவி படிய 'ஹா' என்று விடுவோமே, அந்த மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும். அதோடு தொண்டையில் ஒரு 'குவாக்' சேர்த்து, முடியும்போது வெடுக்கென்று நிறுத்துங்கள். முடிவில்லாமல் இழுத்தால் அது வாத்து இல்லை, ஹாரன்.

கேட்டுப் பழக வேண்டியது மல்லார்டு என்ற வாத்தினத்தின் பெட்டையை. அந்த உரத்த 'குவாக்' பெட்டையின் குரல். ஆண் தணிந்த, கம்மிய குரலில்தான் பேசும். பெட்டை வரிசையாகக் கத்தும்போது முதல் ஒலி நீளமாகவும் உரக்கவும் இருக்கும், அடுத்தடுத்தவை இறங்கிக்கொண்டே போகும். உங்கள் குழல் அந்த இறக்கத்தில் உடையாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். குழலைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மூடிய அறையில் நெடுநேரம் சோதிக்காதீர்கள். காதுக்கு மிக அருகில் மிக உரத்த சத்தம் இது. காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா வாத்தையும் இதே குழலால் அழைக்க முடியுமா?

முடியாது. பின்டெயில், விஜியன், பச்சைச் சிறகுக் கிளுவை ஆகியவற்றின் ஆண்கள் சீட்டியடிக்கும். அவற்றுக்கு ரீடு இல்லாத சாதாரண விசில் போதும். காட்டில் வாழும் மர வாத்தின் கீச்சொலிக்குத் தனிக் குழல் வேண்டும்.

மேலே என்ன பூசலாம்?

வாயில் வைக்கும் பொருள் என்பதையும் ஈரத்தில் இருக்கப்போகும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள். டங் எண்ணெயை (டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும், காய்ந்து இறுகும் எண்ணெய்) மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் துணியால் தேய்த்தால் மரம் மரமாகவே தெரியும். கண்ணாடிபோலப் பளபளக்க வேண்டுமென்றால் சூப்பர் க்ளூவை லேத் ஓடும்போதே அடுக்கடுக்காகப் பூசித் தேய்ப்பார்கள். ஈரத்தை அது நன்றாகத் தடுக்கும், ஆனால் கீழே விழுந்தால் சில்லு பெயரும். எந்தப் பூச்சும் முழுக்கக் காய்ந்து வாசனை போன பிறகே வாயில் வைக்க வேண்டும்.

உடலின் இரு முனைகளிலும் ரேகை வெட்டுப்பட்டு நிற்பதால் ஈரம் அங்கேதான் ஏறும். அங்கே கூடுதலாக இரண்டு பூச்சு கொடுங்கள். ஒலிப்பலகையில் மட்டும் கனமான பூச்சு கூடாது. அவ்வளவு பாடுபட்டு அராவிய வளைவை அது நிரப்பிவிடும். ஒரு துளி எண்ணெயைத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

செருகு சேரும் முனையில் உடலைச் சுற்றிப் பித்தளைப் பட்டை போடுவது அழகுக்காக மட்டுமல்ல. செருகை அழுத்தும்போது உடல் பிளப்பது அந்த முனையில்தான். பட்டை அதைத் தாங்கும்.

மரத்தூள் ஆபத்தா?

ஆம். கோகோபோலோ தூள் பலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் இருந்து, பழகப் பழக ஒவ்வாமை வருவதும் உண்டு. நல்ல முகக்கவசம், முகத்தை மறைக்கும் தடுப்பு, முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. கழுத்தில் எந்தக் கயிறும் தொங்கக்கூடாது. முடிந்த குழல்களைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டே லேத்தின் முன் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மழையில் நனைந்து செருகு உடலுக்குள் இறுகிவிட்டது. முறுக்கி எடுக்கலாமா?

வேண்டாம், உடல் பிளக்கும். நிழலில் ஓரிரு நாள் வையுங்கள். மரம் காய்ந்து தானே விட்டுக்கொடுக்கும். வெயிலிலோ சூட்டிலோ வைத்தால் வெளிப்புறம் முதலில் சுருங்கி இன்னும் இறுகும். வெளியே வந்தபிறகு தண்டைப் பளபளப்பான இடத்தில் மட்டும் ஒருமுறை உப்புத்தாளால் தொட்டால் போதும்.

பழைய மரக்குழல் ஒன்று கைக்கு வந்தது. ரீடை மாற்றி, மெருகு போட்டு ஊதிப் பார்க்கலாமா?

மெருகு போடவே கூடாது. பழைய கைவினைஞர்களின் குழல்களைச் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். மூலப் பூச்சும் மூல ரீடும் போனால் அந்த மதிப்பும் போய்விடும். மென்துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். ரீடு உடைந்திருந்தாலும் அதை அதன் இடத்திலேயே விட்டு, குழலோடு பத்திரப்படுத்துங்கள்.

ஊதிக் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது. செருகு எளிதாக வந்தால் வெளியே எடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஓடையின் அகலம், பலகையின் நீளம், வளைவு தொடங்கும் இடம் மூன்றையும் வெர்னியரால் அளந்து தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளை அட்டையைப் பின்னணியாக வைத்து, ஒலிப்பலகையைப் பக்கவாட்டில் படமெடுத்தால் வளைவு அப்படியே கிடைக்கும். பிறகு அதே வகை மரத்தில் உங்கள் கையால் ஒரு செருகு செய்து, அதை ஊதிக் கேளுங்கள்.